பரண்ல பழைய சோடியம் பாட்டில் கிடைச்சிருக்கு, தண்ணில போட்டுப் பாக்கலாமா?

குட்டிவிஞ்ஞானி:
வணக்கம் மக்களே. எங்க மாமா முன்ன டியூஷன் சென்டர் வச்சிருந்தாரு, மூடி பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு. நேத்து பரண சுத்தம் பண்றப்ப ஒரு பிரவுன் பாட்டில் கிடைச்சுது, லேபிள் கிழிஞ்சு கடைசி 'இயம்' மட்டும் தெரியுது, உள்ள சீமெண்ணெய் பாதி வத்திப்போயி நாலஞ்சு கட்டி கெடக்கு, மேல மஞ்சளா பொருக்கு. சோடியம்தான்னு நெனைக்கிறேன். அக்கா பையன் பத்தாவது, அவனுக்கு ஒரு துண்டு வெட்டி மொட்டமாடில பக்கெட் தண்ணில போட்டுக் காட்டலாம்னு இருக்கேன். கிளவுஸ் இருக்கு, வேற என்ன வேணும்?

லேப்அண்ணாச்சி:
தம்பி, தொறந்துடாதீங்க. காலேஜ் லேப்ல 22 வருஷம் இருந்தவன் சொல்றேன். சோடியம் பழசானா வெள்ளையாதான் பூக்கும், மஞ்சள், ஆரஞ்சுன்னா அது பொட்டாசியமா இருக்கலாம். அந்தப் பொருக்குல சூப்பராக்சைடு (ஆக்சிஜன் நெறைய சேந்த ஒரு சேர்மம்) இருக்கும், கத்திய வச்சு அழுத்துறப்ப அது உள்ள இருக்குற உலோகத்தோடயோ எண்ணெயோடயோ சேந்தா அங்கயே வெடிக்கும், பக்கெட் வரைக்கும் போகவே வேணாம். சீமெண்ணெய் ஊத்தி ரொப்பலாம்னும் மூடியத் திருகாதீங்க, ஆட்டாதீங்க.

ராக்கெட்ராஜா:
ஓவரா பயமுறுத்துறாங்க ப்ரோ 😄 யூட்யூப்ல எல்லாரும் பண்றாங்க. பக்கத்துல ஒரு வாளி தண்ணி வச்சுக்கோங்க, போதும்.

கெமிஸ்ட்ரிஅக்கா:
ராஜா, தண்ணில பத்திக்கிறத அணைக்க தண்ணியா?? நல்லா காஞ்ச மணல்தான் போடணும், ஈர மணலும் கூடாது, தீயணைக்குற கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரும் இதுக்கு ஆகாது.

நான் பிஎஸ்சி படிக்கிறப்ப மேடம் பட்டாணி சைஸ் சோடியம்தான் போட்டாங்க. தண்ணிய விட லேசு, அதனால மெதந்துச்சு, 98 டிகிரிலயே உருகுற சாமான்ங்கிறதால உடனே வெள்ளி உருண்டையாகி ஸ்ஸ்ஸ்னு ஓடிச்சு. எல்லாம் அழகாத்தான் போச்சு, திடீர்னு தொட்டி ஓரத்துல ஒட்டிக்கிச்சு, பட்டுனு ஒரு சத்தம். ரெண்டடி தள்ளி நின்ன என் மூக்குக்கண்ணாடில நாலு துளி, காஞ்சதும் வெள்ளப் புள்ளி. அது பூரா காஸ்டிக் சோடா, கண்ணாடி இல்லன்னா என் கண்ணு. அந்தத் தண்ணி கண்ணுல பட்டா குழாய்த் தண்ணில விடாம இருபது நிமிஷம் கழுவிக்கிட்டே ஆஸ்பத்திரிக்கு ஏற்பாடு பண்ணணும்.

சின்னத் துண்டுன்னா பயமில்லன்னும் நெனைக்காதீங்க, ஹைட்ரஜன் பத்திக்கிறதுதான் வெடின்னு நாமெல்லாம் படிச்சோம், 2015-ல செக் நாட்டு ஆளுங்க ஹைஸ்பீட் கேமரா வச்சுப் பாத்தா, எலக்ட்ரான் எல்லாம் தண்ணிக்கு ஓடிப்போயி, மிச்ச உலோகம் பூரா பாசிட்டிவ் சார்ஜா நின்னு ஒன்ன ஒன்னு தள்ளி மில்லிசெகண்டுக்குள்ளயே முள்ளு முள்ளா பிதுங்குது. அது எப்ப நடக்கும்னு நம்ம கையில இல்ல.

பையனுக்குக் காட்டணும்னா கேஸ் அடுப்புத் தீயில ஒரு சிட்டிகை கல்லுப்புத் தூள் தூவுங்க, மஞ்சளா எரியும் பாருங்க, அதுவும் சோடியம்தான்.

லேப்அண்ணாச்சி:
அக்கா சொன்னது சரி. பாட்டில பஸ்லயோ பைக்லயோ தூக்கிட்டுப் போயிடாதீங்க தம்பி, சாக்கடையிலயும் கொட்டாதீங்க. இருக்குற எடத்துலயே விட்டுட்டு, பக்கத்து காலேஜ் கெமிஸ்ட்ரி டிபார்ட்மென்ட்டுக்கோ ஃபயர் ஸ்டேஷனுக்கோ போன் பண்ணி போட்டோ காட்டுங்க. மழை ஒழுகுற பரண் இல்லையே?

குட்டிவிஞ்ஞானி:
ஒழுகல அண்ணாச்சி, ரூம பூட்டியாச்சு. ஃபயர் ஸ்டேஷன்ல நாளைக்கு வர்றேன்னு சொல்லிருக்காங்க. மாமாவுக்கு போன் போட்டா, "அதுவா, எனக்கே பயமா இருந்துச்சுன்னுதான்டா மேல தூக்கி வச்சேன்"ங்கிறாரு 🤦