ஷாங்காய் யூயுவான்: சக்கர நாற்காலி, சைவச் சாப்பாடு பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். அக்டோபரில் ஷாங்காய். யூயுவான் தோட்டத்துக்கும் அதை ஒட்டிய கடைத்தெருவுக்கும் அரை நாள் ஒதுக்கியிருக்கிறோம். கூட வருபவர்களில் ஒருவர் 74 வயது, சைவம், அதிகம் நடக்க முடியாது.

தெரிந்தவரை: மெட்ரோ 10 அல்லது 14ஆம் தடம், யூயுவான் நிலையம். திங்கட்கிழமை விடுமுறை. ஒன்பது வளைவுப் பாலமும் ஏரி நடுவே இருக்கும் ஹூசின்திங் தேநீர்க்கடையும் டிக்கெட் எல்லைக்கு வெளியே. பலர் அதை மட்டும் பார்த்துவிட்டுத் தோட்டம் முடிந்ததென்று திரும்பிவிடுகிறார்கள். உள்ளேதான் 1559இல் பான் யுன்துவான் என்ற அதிகாரி தொடங்கிய, மிங் அரசவம்சக் காலத் தோட்டம், மஞ்சள் கல் செயற்கை மலை, 3 மீட்டருக்கு மேல் உயரமான துளைகள் நிறைந்த யூலிங்லாங் கல். அக்டோபர் முதல் வாரம் தேசிய விடுமுறை, அந்தப் பக்கமே போகப்போவதில்லை.

கேள்விகள்:

வாசற்படிகளைத் தாண்டாமல் யூலிங்லாங் வரை சக்கர நாற்காலி போகுமா? சீன வாசல்களில் குறுக்குக் கட்டை உயரமாக இருக்குமே, அதுதான் பயம்.

சியாவ்லோங்பாவ் (ஆவியில் வேகவைத்த சூப் கொழுக்கட்டை) உள்ளே இருக்கும் சூப்பே பன்றித் தோல் வேகவைத்த உறைகுழம்பு. காய்கறி பாவ் கேட்டாலும் பன்றிக் கொழுப்பு கலந்திருக்கலாம். சோங்யூவேலோ சைவ உணவகம் இப்போதும் திறந்திருக்கிறதா?

கடைத்தெருவில் பட்டு, தேயிலை விலையை எவ்வளவு குறைத்துக் கேட்கலாம்? அலிபேயில் (சீனாவின் கைபேசிப் பணச் செயலி) இந்திய கார்டு இணைத்தவர்கள் இருந்தால், எங்கே மறுக்கப்பட்டது என்றும் எழுதுங்கள்.