ஜிஃப் ஒரே ராத்திரில காணாம போச்சு. பேட்டன்ட்ல மாட்டுன கதை இருந்தா சொல்லுங்க

பழையசர்வர்:
ஜிடின்னு படம் வரையற லைப்ரரி வச்சு ரிப்போர்ட்டுக்கு கிராஃப் போட்டுக்கிட்டிருந்தேன், எல்லாம் ஜிஃப். ஒரு நாள் ராத்திரி சர்வர அப்கிரேட் பண்ணிட்டு தூங்கப் போயிட்டேன், காலைல பாத்தா கிராஃப் இருந்த எடம் பூரா உடைஞ்ச பட ஐகான். கோட்ல ஒரு எழுத்து மாத்தல! மூணு மணி நேரம் தேடுனப்புறம் தெரியுது, ஜிடி 1.6ல ஜிஃப் எழுதுற ஃபங்ஷனையே தூக்கிட்டாங்களாம், எல்இசட்டபிள்யூங்கற முறை மேல இருந்த பேட்டன்ட் பயம். லாக்ல "அப்படி ஒரு ஃபங்ஷனே இல்ல"ன்னு இருந்த வரி இன்னும் கண்ணுலயே நிக்குது. நேத்து வரைக்கும் இருந்துச்சேடா.

டார்பால்:
பேட்டன்ட் ஜிஃப் மேல இல்ல, உள்ள இருக்குற கம்ப்ரஷன் மேல, அதான் எல்இசட்டபிள்யூ. ஃபைல சுருக்குற யுனிக்ஸ் கம்ப்ரெஸ் டூலும் அதே எல்இசட்டபிள்யூதான், அதுக்கு மாத்தா வந்ததுதான் 1992ல ஜிஜிப். பழைய டேப்ல கெடந்த, கம்ப்ரெஸ் போட்ட டாட் இசட் ஃபைல ஜிஜிப்ல சும்மா குடுத்துப் பாத்தேன், பொசுக்குன்னு திறந்துடுச்சு. திறக்கும், ஆனா அந்த ஃபார்மட்ல எழுதாது, பேட்டன்ட் செத்த பிறகும். நீங்க 2003 ஜூன் 20 வரைக்கும் பொறுத்திருக்கலாம், அமெரிக்காவுல அன்னைக்கு காலாவதி.

பழையசர்வர்:
மத்த நாட்டுல 2004, ஜிடில ஜிஃப் திரும்ப வந்ததும் 2004. அது வரைக்கும் ரிப்போர்ட்ட நீங்க குடுப்பீங்களா?

அரைகுறை:
நான் மாட்டுனது இசட்ஸ்டாண்டர்ட்ல, ஃபேஸ்புக்கோட கம்ப்ரஷன் லைப்ரரி. கோட் ரெடி, மீட்டிங்ல லீகல் மேடம் ஒண்ணும் பேசாம ஸ்க்ரோல் பண்ணிக்கிட்டே போயி பேட்டன்ட்ஸ்னு இருந்த தனி ஃபைல்ல நின்னாங்க. "நாம அவங்க மேல பேட்டன்ட் கேஸ் போட்டா இந்த உரிமை போயிடும்னு இருக்கே, படிச்சீங்களா?" அப்படி ஒரு ஃபைல் இருக்குறதே எனக்கு அப்பதான் தெரியும். 2017 ஆகஸ்ட்ல அத எடுத்துட்டாங்க, அதுக்குள்ள நாங்க இசட்லிப்ங்கற வேற கம்ப்ரஷன் லைப்ரரிக்கு ஓடிட்டோம்.

ஹஃப்மன்தாசன்:
நான் மாட்டுனது பழைய பிஜிப் ஆர்கைவ், பிஜிப்2 அத தொடவே இல்ல. பிஜிப்ல இருந்த அரித்மெடிக் கோடிங்ங்கற சுருக்குற முறைல பேட்டன்ட் இருக்குன்னு பிஜிப்2ல ஹஃப்மன்ங்கற வேற முறைக்கு மாறுனதோட விளைவு. சரி, எல்லாரும் ஒண்ணு கேட்டுக்கோங்க, எம்ஐடி, பிஎஸ்டி லைசென்ஸ்ல பேட்டன்ட்ங்கற வார்த்தையே கெடையாது, அப்பாச்சி 2.0ல உண்டு, ஆனா அதுவும் கோட் குடுத்தவங்களோட பேட்டன்ட்டுக்கு மட்டுந்தான், வெளில ஒருத்தன் வச்சிருந்தா அது ஒண்ணும் பண்ணாது. ஏஎன்எஸ்னு ஒரு கம்ப்ரஷன் முறைய கண்டுபிடிச்ச ஜாரெக் டூடா அத எல்லாரும் யூஸ் பண்ணட்டும்னு விட்டாரு, ஆனா 2022ல அதோட ஒரு வகையான ஆர்ஏஎன்எஸ் சம்பந்தமா மைக்ரோசாஃப்ட்டுக்கு பேட்டன்ட் குடுத்துட்டாங்க. அதனால எந்த அல்காரிதம்னு பாருங்க, வெர்ஷன பூட்டி வைங்க, அப்கிரேடுக்கு முன்னாடி என்ன மாறிருக்குன்னு சொல்ற சேஞ்ச்லாக் படிங்க, படிக்காம பண்றவங்கள நான் என்ன சொல்ல...

பழையசர்வர்:
படிச்சேன்ணே. காலைல.