தேவிகுளம் தொகுதி வரலாறு: 1957, 1965, 2021 வரிகளை எப்படிப் போடுவது?

கேள்வி (குண்டளைவாசி)

மூணாறில் ஒரு வாசகசாலைச் சுவரில் மாட்டுவதற்காக, கேரளத்தின் தேவிகுளம் சட்டமன்றத் தொகுதியின் தேர்தல் வரலாற்றை 1957இலிருந்து ஒரே தாளில் அட்டவணையாகத் தயாரிக்கிறோம். மூன்று இடத்தில் சிக்கல். 1957, 1958 இரண்டு வருஷத்திலும் ரோசம்மா புன்னூஸ் பெயரே வருகிறது. 1965இல் முடிவு அறிவித்திருக்கிறார்கள், ஆனால் அந்த வருஷத்துக்குச் சபையையே காணோம். 2021இல் ஜெயித்த ஆ. ராஜாவின் வெற்றியை கோர்ட் ரத்து செய்தது என்று ஒரு இடத்திலும், செல்லும் என்று இன்னொரு இடத்திலும் போட்டிருக்கிறது. எது சரி? வாக்கு சதவீதத்தை 1957 முதல் ஒரே கோடாக வரையலாமா?

பதில் 1 (மறையூர் கரும்பு)

1957, 1958 இரண்டுமே சரி, இரண்டையும் தனித்தனி வரியாகப் போடுங்கள். 1957இல் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி சார்பில் ரோசம்மா புன்னூஸ் ஜெயித்தார். கேரளச் சட்டமன்றத்தில் முதலில் பதவிப் பிரமாணம் எடுத்தவரும் தற்காலிக சபாநாயகராக இருந்தவரும் அவர்தான். அந்தத் தேர்தலில் காங்கிரஸின் பி.கே. நாயருடைய வேட்புமனுவைத் தள்ளுபடி செய்திருந்தார்கள். அது தவறான தள்ளுபடி என்று தேர்தல் தீர்ப்பாயம் முடிவு செய்து, தேர்தலையே ரத்து செய்தது. சட்டம் இந்த இடத்தில் ரொம்பக் கறார்: ஒரு மனுவைத் தப்பாகத் தள்ளியது நிரூபணமானாலே போதும், அதனால் முடிவு மாறியிருக்குமா என்ற கேள்விக்கே இடமில்லை. தப்பாக ஏற்றுக்கொண்ட மனு என்றால்தான் 'முடிவைப் பாதித்ததா' என்று பார்ப்பார்கள்.

1958 மே மாதம் இடைத்தேர்தல். ரோசம்மாவும் பி.கே. நாயரும் மோதினார்கள், ரோசம்மா மறுபடி ஜெயித்தார். இதை அடிக்குறிப்பில் தள்ளிவிடாதீர்கள். 126 இடம் இருந்த சபையில் முதலமைச்சர் இ.எம்.எஸ். நம்பூதிரிபாடின் ஆட்சிக்குக் கம்யூனிஸ்ட் 60, ஆதரவு சுயேச்சை 5, மொத்தம் 65தான். ஒவ்வொரு நாற்காலியும் உயிர்நாடி. கம்யூனிஸ்ட் தலைவர் வி.எஸ். அச்சுதானந்தன் மலையில் தங்கிப் பிரசாரத்தை நடத்தியதும், பாவலர் வரதராசன் எஸ்டேட் எஸ்டேட்டாகப் போய்த் தமிழில் பாடியதும் இந்த இடைத்தேர்தலுக்குத்தான். தோட்டத் தமிழர் ஓட்டு திருவனந்தபுரத்தில் ஒரு ஆட்சியின் எண்ணிக்கையைக் காத்தது என்று உங்கள் தாளில் ஒரு வரி இருக்கட்டும்.

பதில் 2 (படிவம் இருபது)

சதவீதத்தை ஒரே கோடாக வரையக் கூடாது. பெயர் ஒன்றானாலும் தொகுதி ஒன்றல்ல. சபையின் மொத்த இடங்களைப் பார்த்தாலே எல்லை மாறிய இடங்கள் தெரிந்துவிடும்: 1957, 1960இல் 126, 1965 முதல் 1970 வரை 133, 1977 முதல் 140. அதற்குப் பிறகு 2008 மறுசீரமைப்பு. எண்ணிக்கை அதே 140, எல்லை வேறு. சட்டமன்றத்துக்கு 2011இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதனால் நான்கு தொகுப்பாகப் பிரித்து, நடுவில் கெட்டிக் கோடு போடுங்கள். கோட்டுக்கு அந்தப்பக்க சதவீதத்தை இந்தப்பக்கத்தோடு ஒப்பிட்டால் பொய்க் கதைதான் கிடைக்கும். அடிமாலிப் பக்கத்து மலையாள ஓட்டுக்கும் மூணாறு எஸ்டேட் தமிழ் ஓட்டுக்கும் உள்ள விகிதம்தான் இந்தத் தொகுதியின் கணக்கு. எல்லையில் ஒரு துண்டு சேர்ந்தாலும் போனாலும் அது மாறிவிடும்.

முதல் தொகுப்பில் இன்னொரு பொறி. 1957இல் 126 உறுப்பினர்கள், தொகுதிகள் 114தான். 12 இடத்தில் இரட்டை உறுப்பினர் முறை, அங்கே ஒரு வாக்காளருக்கு இரண்டு ஓட்டு. 1961 சட்டம் அதை ஒழித்தது. எந்தத் தொகுதியின் 1957 கணக்கை எடுத்தாலும் 'இடங்கள்' என்ற கட்டத்தை முதலில் பாருங்கள். 2 என்றிருந்தால், பதிவான ஓட்டை வாக்காளர் எண்ணிக்கையால் நேரடியாக வகுக்காதீர்கள். 100ஐத் தாண்டிப் போகும்.

1965க்கு வரி உண்டு, பதவிக்காலம் கிடையாது. மார்ச்சில் ஓட்டுப்பதிவு நடந்தது, 133இல் சிபிஎம் (மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சி) 40 பிடித்து முதலிடம் வந்தது, யாருக்கும் பெரும்பான்மை இல்லை, சபை கூடாமலே கலைந்தது. 'வெற்றி' கட்டத்தில் பெயரை எழுதி, 'பதவிக்காலம்' கட்டத்தில் 'சபை கூடவில்லை' என்று போடுங்கள். கம்யூனிஸ்ட் கட்சி 1964இல்தான் பிளந்து சிபிஎம் உருவானது, அதனால் அதற்கு முந்தைய வரிகளில் சிபிஎம் என்று எழுதிவிடாதீர்கள். சுவர்த் தாள்களில் அதிகம் பார்க்கிற பிழை இதுதான்.

2016 முதல் நோட்டாவும் சேர்கிறது. வித்தியாச சதவீதம் போடும்போது நோட்டாவைக் கழித்த, வேட்பாளர்கள் பெற்ற ஓட்டின் கூட்டலால் வகுங்கள். சில பட்டியலில் மொத்தத்தோடு நோட்டாவையும் கூட்டியிருப்பார்கள். பூத் வாரியான ஓட்டுக் கணக்கைத் தரும் படிவம் 20ஐப் பார்ப்பதானால், அதே வருஷத்து வாக்குச்சாவடிப் பட்டியலையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். படிவத்தில் இருப்பது எண் மட்டும், அந்த எண் தேர்தலுக்குத் தேர்தல் மாறும். தபால் ஓட்டு எந்த பூத்திலும் வராது, கடைசியில் தனியாக இருக்கும்.

பதில் 3 (வட்டவடை பூண்டு)

2021க்கு ஒரே வரி போதும்: ஆ. ராஜா, சிபிஎம், 7,848 ஓட்டு வித்தியாசம். கேரள உயர் நீதிமன்றம் 2023 மார்ச் 20 அன்று ரத்து செய்தது உண்மை. காங்கிரஸின் டி. குமார் தொடுத்த வழக்கு அது. பட்டியல் சாதியினருக்கான இந்தத் தனித் தொகுதியில் நிற்கும் தகுதி ராஜாவுக்கு இல்லை என்பது தீர்ப்பு. உச்ச நீதிமன்றம் அடுத்த மாதமே இடைக்காலத் தடை கொடுத்தது. 2025 மே 6 அன்று உயர் நீதிமன்றத் தீர்ப்பைத் தள்ளி, தேர்தல் செல்லும் என்றது. நடுவில் இடைத்தேர்தல் நடக்கவில்லை. 1958 போலத் தனி வரி வராததற்கு அதுதான் காரணம்.

வழக்கில் வந்த ஒரு கேள்வி தோட்டக் குடும்பம் ஒவ்வொன்றையும் தொடுவது. பட்டியல் சாதி உத்தரவு மாநிலவாரியானது. பக்கத்து மாநிலத்திலிருந்து வந்த குடும்பம் 1950 ஆகஸ்ட் 10க்கு முன்பே இங்கே குடியிருந்ததா என்று பார்ப்பார்கள். பாட்டன் பாட்டி காலத்து எஸ்டேட் பதிவேடு சாட்சியாவது அதனால்தான்.

வேட்புமனுவும் இந்தத் தொகுதியை விட்டபாடில்லை. 2021இலும் அதிமுக வேட்பாளர் மனு தள்ளுபடியானது. ராஜா தமிழில் எடுத்த பிரமாணத்தில் ஒரு சொற்றொடர் விட்டுப்போய், ஜூன் 2 அன்று மறுபடி எடுத்தார். சரியான பிரமாணம் இல்லாமல் சபையில் உட்கார்ந்ததற்கு நாளுக்கு 500 ரூபாய் வீதம் 5 நாளுக்கு 2,500 ரூபாய் அபராதம். பிரமாண வாசகம் அச்சிட்டவர்களின் பிழைக்கு உறுப்பினர் பணம் கட்டியது நியாயமில்லை என்பது என் கருத்து.

குண்டளைவாசி

நன்றி, அண்ணன்மாரே. 1991, 1996, 2001 மூன்றும் ஏ.கே. மணி, காங்கிரஸ், 2006, 2011, 2016 மூன்றும் எஸ். ராஜேந்திரன், சிபிஎம். ராஜேந்திரனின் மூன்றையும் ஒரே கட்டமாக இணைத்துவிடலாமா?

படிவம் இருபது

வேண்டாம். 2006 பழைய எல்லை, 2011 புது எல்லை. கெட்டிக் கோடு அவர் பெயருக்கு நடுவில்தான் போகும். மணியின் மூன்றும் ஒரே எல்லையில் நடந்தவை, அதைத் தாராளமாக இணையுங்கள்.