ஹெச்பிவி பாசிட்டிவ்: உங்கள் வீட்டில் என்ன பேசிக்கொண்டீர்கள்?

கோவை வாசகி:
எனக்கு 42 வயது. கர்ப்பப்பை வாய்ச் செல்களை எடுத்துப் பார்க்கும் பாப் ஸ்மியரோடு, அங்கே புற்றுநோயை உண்டாக்கக்கூடிய ஹெச்பிவி வைரஸுக்கான பரிசோதனையும் எடுத்ததில், அதிக ஆபத்துள்ள 16-ஆம் வகை இருப்பதாக முடிவு வந்தது. புற்றுநோய் பயத்துக்கு முன்பே வீட்டுக்குள் சந்தேகம் நுழைந்துவிட்டது. “இது உறவின் மூலம் பரவுமாமே” என்றார் கணவர். மேற்கொண்டு அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. இருவரும் மனதுக்குள் பழைய கணக்குகளைப் புரட்டிக்கொண்டிருந்தோம்.

மகப்பேறு மருத்துவர் இருவரையும் உட்காரவைத்துப் பேசினார். இந்தக் கிருமி, நெருக்கத்தில் தோலோடு தோல் உரசினாலே தொற்றும். ஆணுறை ஆபத்தைக் குறைக்குமே தவிர முழுதாகத் தடுக்காது. பெரும்பாலோருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது வந்து, ஓரிரு ஆண்டுகளில் தானே போய்விடுகிறது. சிலருக்கு ஆண்டுக்கணக்கில் அடங்கிக் கிடந்து பிறகு தலைகாட்டும். ஆகவே யாரிடமிருந்து, எப்போது வந்தது என்று எந்த ஆய்வகமும் சொல்லாது. “அதைத் தேடி ஒருவரையொருவர் வதைத்துக்கொள்ளாதீர்கள், கர்ப்பப்பை வாயைப் பெரிதாக்கிப் பார்க்கும் கால்போஸ்கோபிக்கு வாருங்கள்” என்றார். சிறு திசுவை எடுத்துச் சோதிக்கும் பயாப்சியில் புற்றுநோய்க்கு முந்தைய மாற்றம் தெரிந்தது. அந்தப் பகுதியை மட்டும் எடுத்துவிட்டார்கள். மறுபரிசோதனைகளுக்குக் கணவரும் உடன் வருகிறார்.

ஓய்வுபெற்ற செவிலியர், திண்டுக்கல்:
எங்கள் மாவட்டத்தில் 2000-ஆம் ஆண்டு தொடங்கிய ஆய்வை இங்கே எத்தனை பேர் அறிவீர்களோ! 30 முதல் 59 வயதுப் பெண்களின் கர்ப்பப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலம் தடவி, வெளுக்கும் இடத்தைக் கண்ணால் பார்ப்பார்கள். அவ்வளவுதான். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயால் இறப்பது 35 சதவீதம் குறைந்ததாக 2007-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்தது.

பிற்பாடு நான் சுகாதார நிலையத்தில் அதே சோதனையைச் செய்தபோது, கணவரை இழந்தவர்களை அழைத்துவருவதுதான் பெரும்பாடு. “அவர் போய்ப் பத்து வருடம் ஆகிறது, எனக்கெதற்கு?” என்பார்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் தங்கிவிட்ட தொற்று புற்றுநோயாக மாறப் பொதுவாக 15 முதல் 20 ஆண்டுகள் பிடிக்கும். அவர் இருந்த காலத்துத் தொற்று இப்போது முற்றலாம். மாதவிடாய் நின்றபின் ரத்தம் பட்டும், ‘சூடு’ என்று மோர் குடித்துக்கொண்டிருந்துவிட்டு வந்தவர்களை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. அவர்கள்மேல் இல்லை, எதையும் வாய்விட்டுச் சொல்லவிடாத வீடுகள்மேல்.

பெயர் வேண்டாம், திருச்சி:
பெண்கள் விஷயம் என்று தாண்டிப்போகும் ஆண்களுக்காக எழுதுகிறேன். எனக்கு டான்சிலில் புற்றுநோய். புகையிலையோ மதுவோ தொட்டதில்லை. கட்டியைச் சோதித்தபோது ஹெச்பிவிதான் காரணம் என்று தெரிந்தது. வாய்வழி உறவிலும் பரவுமாம். கதிர்வீச்சு முடிந்துவிட்டது, காரம் மட்டும் இன்னும் சாப்பிட முடியவில்லை. இருக்கும் தொற்றைத் தடுப்பூசி நீக்காது, வருமுன் போட்டால்தான் பலன் என்றதால் மகளுக்கும் மகனுக்கும் சேர்த்தே போட்டோம். இருவரும் 15 வயதுக்குள் என்பதால் இரண்டு தவணையோடு முடிந்தது. “பையனுக்கு எதற்கு?” என்று என் அக்கா கேட்டார். என் தொண்டையைக் காட்டினேன்.