பெரணியின் குருத்து அழுகுகிறது, யாராவது வழி சொல்லுங்கள்

வணக்கம். சிங்கப்பூர் ஈசூனில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடு. வாசல் தாழ்வாரத்தில் காலை வெயில் மட்டும்தான். பலகையில் கட்டிய மான்கொம்புப் பெரணி நன்றாக இருக்கிறது. பறவைக்கூட்டுப் பெரணியில்தான் சிக்கல்: புதுத் துளிர் சுருள் விரியும் முன்பே நுனி கறுத்து, தொட்டால் கொழகொழவென்று கையோடு வருகிறது. நடுக்குருத்தில் தண்ணீர் தேங்குவதாலா? சாலையோரத் தூங்குமூஞ்சி மரங்களில் இதே செடி எல்லா மழையிலும் நனைந்துகொண்டு ஜம்மென்று நிற்கிறதே! ஒருவேளை, காற்றோட்டம்தான் வித்தியாசமோ? மண்ணை எடுத்துவிட்டு மரப்பட்டையும் கரியும் போட்டவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

அப்புறம், கண்ணாடிச் சாடியில் வைத்த பாசி மஞ்சளாகிறது. குழாய்த் தண்ணீரில் கிருமியைக் கொல்லக் கலக்கும் குளோரமின் இருக்கிறது, மழைநீர் நல்லது என்கிறார்கள். வாளியில் பிடித்து வைத்தால் டெங்கி பரப்பும் ஏடிஸ் கொசு வந்துவிடுமே. நீங்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?