ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்: வால்வ் பாடி மட்டும் போதுமா, முழு ஓவர்ஹாலா?

வணக்கம். 2011 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக், 4 கியர் டார்க் கன்வெர்ட்டர் (எஞ்சின் விசையை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்) வகை. 1,40,000 கிமீ ஓடியது. எஞ்சின் நன்றாக இருப்பதால் வண்டியை விட மனமில்லை.

குளிர்ந்த நிலையில் கியர் ஒழுங்காக மாறுகிறது. அரை மணி நேரம் டிராஃபிக்கில் ஓடிச் சூடானதும் இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகும்போது எஞ்சின் ஆர்பிஎம் (சுழற்சி வேகம்) சட்டென ஏறி, பிறகு உதறலோடு பிடிக்கிறது. ஸ்கேனரில் பிழைக் குறியீடு பி0733, அதாவது மூன்றாம் கியர் விகிதத் தவறு. ரிவர்ஸில் குறையில்லை.

கியர்பாக்ஸ் ஆயில் அளவு சரி. ஆனால் கறுத்து, தீய்ந்த வாடை. ஆயில் பேனில் (அடித்தட்டில்) உள்ள காந்தத்தில் மெல்லிய சாம்பல் பசை மட்டும்தான், உலோகச் செதில் இல்லை. சோலினாய்டுகளின் (ஆயில் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் மின் வால்வுகள்) ரெசிஸ்டன்ஸ் குளிரில் சரியாக இருக்கிறது. சூட்டில் இன்னும் பார்க்கவில்லை.

சூடானால் ஆயில் நீர்த்துவிடும். வால்வ் பாடியில் (கியர் கிளட்ச்களுக்கு ஆயிலைப் பிரித்தனுப்பும் பகுதி) தேய்ந்த வால்வ் துளையிலோ, கிளட்சை அழுத்தும் பிஸ்டனின் இறுகிப்போன சீலிலோ அழுத்தம் கசியும். முதலாவது என்றால் கியர்பாக்ஸை இறக்காமலே முடிக்கலாம். இரண்டாவது என்றால் இறக்கித்தான் ஆக வேண்டும், கிளட்ச் பிளேட், சீல் கிட், கன்வெர்ட்டர், ஆயில் கூலரைக் கழுவுவது எல்லாம் சேரும். வெறும் ஆயில் மாற்றத்தில் இது தீராது.

வால்வ் பாடியைக் கழற்றி, கிளட்ச் வழியில் காற்றழுத்தம் கொடுத்து, 'தொப்' என்று பிஸ்டன் அடிக்கிறதா, 'உஸ்' என்று கசிகிறதா என்று பார்த்துச் சொல்லும் மெக்கானிக் சென்னையில் யார்? புதுப்பேட்டையில் பழைய கியர்பாக்ஸ் வாங்கியவர்கள், வாங்குமுன் எதைச் சோதித்தீர்கள்?