குல்மோஹர் சாய்ந்திருக்கிறது, வேம்பு கருகுகிறது: எதை எடுப்பது, அங்கே எதை நடுவது?

ஊரப்பாக்கம்_தோட்டம் கேட்டது:

வணக்கம். ஊரப்பாக்கத்தில் ஒரு கிரவுண்ட் மனை, 40க்கு 60. வீடு கிழக்குப் பார்த்தது. வாசலில் பெரிய வேம்பு. பின்பக்கம் வடமேற்கு மூலையில் குல்மோஹர், சுமார் 35 அடி உயரம். இரண்டும் வீடு கட்டுவதற்கு முன்பிருந்தே நிற்பவை.

இந்த ஆகஸ்டில் வேம்பின் கொழுந்துகள் நுனியிலிருந்து பழுப்பாகிக் கருக ஆரம்பித்திருக்கின்றன. "பட்டுப்போகிறது, மழைக்கு முன்னால் எடுத்துவிடுங்கள்" என்று தெருவில் எல்லோரும் சொல்கிறார்கள். குல்மோஹர் பச்சைப்பசேலென்று இருக்கிறது, மே மாதம் நிறையப் பூத்தது. ஆனால் வடக்கே பக்கத்து வீட்டு ஷீட் கூரைப் பக்கம் சாய்ந்திருக்கிறது. போன வருஷம் அதன் தெற்கே, தூரிலிருந்து மூன்றடி தள்ளி, கழிவுநீர்க் குழாய்க்காகப் பள்ளம் தோண்டினார்கள். இப்போது அந்தப் பக்கத் தூரில் செம்பழுப்பாக, வார்னிஷ் பூசியதுபோல் மினுங்கும் கெட்டியான காளான் இரண்டு.

எதை எடுக்க வேண்டும்? குல்மோஹரை எடுத்தால் மேற்கு வெயில் படுக்கையறைச் சுவரில் நேராக அடிக்கும். பின்பக்கம் 15 அடி காலியிடம் இருக்கிறது. அங்கே என்ன நடலாம், எப்படி?

தூரடி:

வேம்பைத் தொடாதீர்கள். இந்தக் கருகல் தேயிலைக் கொசு என்ற சாறுண்ணிப் பூச்சியாலும் ஃபோமாப்சிஸ் என்ற பூஞ்சையாலும் வருவது. மழைக்காலத்தை ஒட்டித் தொடங்கி டிசம்பர் வரை தெரியும். தமிழ்நாட்டில் பல ஊர்களில் வேம்புக்கு இப்படி ஆகிறது. பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் கருகுவது நுனிக் குச்சிகள்தான். வளர்ந்த மரம் மாசி, பங்குனியில் பெரும்பாலும் மறுபடி துளிர்த்துவிடும். தூரும் வேரும் நன்றாக இருக்கும்வரை அது விழப்போகும் மரமல்ல. மணிக்கட்டுப் பருமனுக்கு மேல் பட்டை உரிந்து காய்ந்த கிளை ஏதாவது கேட்டுக்கு மேலே நின்றால் அதை மட்டும் எடுங்கள்.

எனக்குக் கவலை குல்மோஹர்தான். மரத்தில் தண்ணீர் ஏறுவது பட்டைக்கு உள்ளே இருக்கும் வெளிக்கட்டையில். நடுவைரம் முழுக்க இற்றுப்போனாலும் இலை பச்சையாகவே இருக்கும், பூவும் பூக்கும். அதனால் தழையைப் பார்த்து முடிவு செய்யாமல் தூரைப் பாருங்கள். மூன்று விஷயம் பார்த்துச் சொல்லுங்கள்:

தரையிலிருந்து நாலரை அடி உயரத்தில் சுற்றளவு எவ்வளவு? சாய்வுக்கு எதிர்ப்பக்கம், அதாவது தெற்கே, மண்ணில் பிறை வடிவில் விரிசலோ மேடோ இருக்கிறதா? காளானுக்கு அருகில் பட்டைமீது ஸ்க்ரூடிரைவரை வைத்துக் கையால் அழுத்தினால் எவ்வளவு இறங்குகிறது?

காளானைப் பறித்துவிடாதீர்கள். பறித்தாலும் உள்ளே இருக்கும் பூஞ்சை போகாது. எங்கே பாதிப்பு என்ற அடையாளம்தான் போகும்.

ஊரப்பாக்கம்_தோட்டம்:

பார்த்துவிட்டேன். சுற்றளவு 150 செ.மீ. தூரிலிருந்து இரண்டடியில் நாலடி நீளத்துக்கு ஒரு விரிசல், விரல் நுழைகிறது. ஸ்க்ரூடிரைவர் மூன்று விரற்கடை இறங்கியது, உள்ளே பஞ்சுபோல் இருக்கிறது. மேலே கட்டையைத் தட்டிப் பார்த்தால் கெட்டியான சத்தம்தான் வருகிறது.

தூரடி:

அப்படியானால் எடுத்துவிட வேண்டிய மரம், அதுவும் அக்டோபருக்கு முன்னால். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

150 செ.மீ. சுற்றளவு என்றால் விட்டம் ஏறக்குறைய 48 செ.மீ. விட்டத்தின் மூன்று மடங்கு தூரத்துக்குள், உங்கள் மரத்துக்கு ஏறக்குறைய நாலேமுக்கால் அடி, இருப்பவைதான் மரத்தைத் தாங்கும் பருத்த வேர்கள். பள்ளம் மூன்றடியில் போயிருக்கிறது. அதிலும் எந்தப் பக்கம் என்பது முக்கியம். வடக்கே சாய்ந்த மரத்தைப் பின்னாலிருந்து இழுத்துப் பிடிப்பவை தெற்கு வேர்கள், அறுபட்டவை அவைதான். அறுபட்ட முனை வழியாகக் கானோடெர்மா என்ற, வேரை இற்றுப்போக வைக்கும் பூஞ்சை நுழைவது வழக்கம்; நீங்கள் பார்த்த வார்னிஷ் காளான் அதனுடையதுதான். அது வேரின் அடிப்பக்கத்திலிருந்து தின்னும், அதனால் மேலே தட்டினால் கெட்டிச் சத்தம் வருவதில் ஆறுதலுக்கு ஒன்றுமில்லை. தட்டிப் பார்ப்பது கட்டையில் பொந்து இருக்கிறதா என்று அறியத்தான், வேருக்கு அது சோதனை ஆகாது.

சாய்ந்திருப்பது மட்டுமே ஆபத்து என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். சின்ன வயதிலிருந்தே வெளிச்சம் தேடிச் சாய்ந்து, நுனி மறுபடி நேராக மேலே திரும்பிய மரம் அதற்கேற்ப வேரும் கட்டையும் வைத்துக்கொண்டிருக்கும். அடிமுதல் நுனிவரை ஒரே கோடாகச் சாய்ந்து, பின்னால் மண்ணும் விரிந்திருந்தால் அது புதுச் சாய்வு. உங்களுடையது அந்த வகை.

"வடக்கேதானே சாய்ந்திருக்கிறது, வடகாற்று தாங்கிப் பிடிக்கும்" என்றும் நினைக்க வேண்டாம். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா சென்னையைக் கடந்தபோது புயலின் கண் போனதும் காற்று எதிர்த்திசையிலிருந்து அடித்தது. நனைந்து இளகிய மண்ணில், முதல் காற்று ஆட்டிவிட்டுப் போன மரத்தை இரண்டாவது காற்று சாய்க்கும்.

கொல்லைப்புறம்:

20 வருஷ மரமாக இருக்கும் போலிருக்கிறதே, எடுக்கத்தான் வேண்டுமா? தலையைப் பாதிக்கு வெட்டி எடையைக் குறைத்து, வடக்கே ஒரு இரும்பு முட்டுக் கொடுத்தால் நிற்காதா?

தூரடி:

மனசு வராதது புரிகிறது. வேர் நன்றாக இருந்து கிளை மட்டும் நீண்டிருந்தால், பக்கக் கிளைவரை அளவாகக் குறைப்பதற்கு நானே சொல்லியிருப்பேன். மொட்டையடிப்பது வேறு. பெரிய வெட்டுவாய் மூடாது, அங்கிருந்து இற்றல் கீழே இறங்கும். சுற்றி வரும் புதுக் கிளைகள் வைரத்திலிருந்து வராமல் பட்டையோரத்திலிருந்து முளைப்பவை. மூன்று, நான்கு வருஷத்தில் பருத்து, காற்றில் தோலோடு கிழிந்து விழும். தார், பெயின்ட் பூசினாலும் இற்றல் நிற்காது. இங்கே வேரே போய்விட்டதால், முட்டுக் கொடுத்தாலும் அது எல்லாப் பக்கக் காற்றுக்கும் பதில் சொல்லாது.

எடுக்கும் முறை: அடியில் வெட்டி ஒரேயடியாகச் சாய்க்கக் கூடாது, இடமும் இல்லை. நுனியிலிருந்து துண்டு துண்டாகக் கயிறு கட்டி இறக்கத் தெரிந்த ஆட்களை வையுங்கள். இற்ற தூர் என்பதால் ஏறுபவரின் பாதுகாப்புக் கயிற்றை இதே மரத்தில் கட்டுவது உயிருக்கு ஆபத்து. ஏற்றக்கூடை வண்டி கிடைத்தால் நல்லது. மின்கம்பி அருகில் போனால் மின்வாரியத்தில் சொல்லி லைனை நிறுத்திய பிறகே கை வைக்க வேண்டும். போட்டோக்களோடு உள்ளாட்சி அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து அனுமதியும் வாங்கிவிடுங்கள். பக்கத்து வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லி, அன்று அந்தப் பக்கம் ஆள் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வேம்பின் காய்ந்த கிளைக்கு மூன்று வெட்டு. அடிமரத்திலிருந்து ஓரடி தள்ளிக் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு; அதற்குச் சற்று வெளியே மேலிருந்து முழுவதும்; மிச்சக் கட்டையைக் கிளையடியில் புடைத்திருக்கும் வளையத்துக்கு வெளியே ஒட்டி. முதல் வெட்டு இல்லாமல் மேலிருந்து அறுத்தால் கிளை பாரத்தில் அடிமரத்துப் பட்டையையும் உரித்துக்கொண்டு போகும்.

நிழல்_வேண்டும்:

நடும் பகுதிக்கு நான் சொல்கிறேன். முதலில் இடம். பழைய தூரையும் கைக்கு எட்டும் பெரிய வேர்களையும் தோண்டி எடுத்துவிடுங்கள், கானோடெர்மா அந்தக் கட்டைகளில் வெகுகாலம் இருக்கும். புதுக் கன்று அந்தக் குழியிலிருந்து பத்தடியாவது தள்ளி. தென்னை அங்கே வேண்டவே வேண்டாம், தஞ்சாவூர் வாடல் என்று தென்னையைக் கொல்வதும் கானோடெர்மாதான்.

சித்திரை, வைகாசியில் நம் ஊரில் மாலைச் சூரியன் நேர் மேற்கிலிருந்து வடக்கே தள்ளி இறங்கும். ஆகவே மரம் படுக்கையறைச் சுவரின் நடுவுக்கு நேராக இல்லாமல், பழைய குழி விடும் அளவுக்குக் கொஞ்சம் வடக்கே ஒதுங்கி நின்றால் நிழல் சரியாக விழும். வீட்டுச் சுவரிலிருந்து ஒன்பதடி, காம்பவுண்டிலிருந்து ஆறடி. என் தேர்வு மகிழம்: மெதுவாக வளரும், ஆனால் வருஷம் முழுக்க அடர்ந்த தழை. அவசர நிழல் வேண்டுமென்றால் புங்கன்; படரும், இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை கவாத்து செய்ய வேண்டிவரும். சரக்கொன்றை அழகுதான், ஆனால் நிழல் தேவைப்படும் கோடையில் அது இலையை உதிர்த்துவிட்டு நிற்கும். முருங்கை கூரைப் பக்கம் கூடாது, கிளை முறியும். குழாய்ப் பாதைப் பக்கம் கறிவேப்பிலை, எலுமிச்சை, பவழமல்லி போதும். குழாய் இணைப்பு கசிந்தால் எந்த வேரும் உள்ளே போகும், அதையும் சரிபாருங்கள்.

நர்சரியில் சின்னக் கவரில் எட்டடி நிற்கும் கன்றைக் காட்டுவார்கள், வாங்காதீர்கள். உள்ளே வேர் சுருண்டு கிடக்கும். மூன்று, நான்கு அடிக் கன்று, அடி தடித்து மேலே மெலிந்து, முட்டு இல்லாமல் தானே நிற்பதாகப் பாருங்கள்.

குழி விஷயத்தில்தான் எல்லோரும் தவறுகிறார்கள். மூன்றடி அகலம் சரி. மூன்றடி ஆழம் தோண்டி எருவும் செம்மண்ணும் நிரப்பி அதன்மேல் கன்றை வைத்தால், எரு மக்க மக்கக் கன்று கீழே இறங்கி, தூர் மண்ணுக்குள் புதைந்துவிடும். பட்டை மூச்சுமுட்டி அழுகும், வேர் மேலே தேடி வந்து தூரையே சுற்றி இறுக்கும். ஆழம் வேர்க்கட்டியின், அதாவது கவருக்குள் வேரோடு இருக்கும் மண்கட்டியின், உயரம் மட்டும். அகலம் அதைப்போல் மூன்று மடங்கு. கட்டட ரப்பிஷ் இருந்தால் அதை எடுத்து, நல்ல மண் போட்டு, தண்ணீர் விட்டு அமுங்கிய பிறகு நடுங்கள். கவரை முழுக்கக் கிழித்தெடுத்து, சுற்றிய வேர்களை விரலால் பிரியுங்கள், பிரியாததை வெட்டிவிடுங்கள். அடிமரம் வேராக விரியும் இடம் மண்மட்டத்தில் கண்ணுக்குத் தெரிய வேண்டும். நர்சரிக் கவரிலேயே அது இரண்டு, மூன்று அங்குலம் புதைந்திருப்பது சகஜம், சுரண்டிப் பார்த்த பிறகு ஆழத்தை முடிவு செய்யுங்கள். எடுத்த மண்ணையே திரும்பப் போடுங்கள்; மக்கிய எரு மேலே ஒரு கூடை போதும்.

இரண்டு மூங்கில், வேர்க்கட்டிக்கு வெளியே. பழைய சைக்கிள் டியூபால் எட்டு வடிவக் கட்டு, கன்றின் பாதி உயரத்துக்குக் கீழே. கொஞ்சம் ஆட விட வேண்டும், ஆடினால்தான் அடி தடிக்கும். ஒரு வருஷத்தில் கழற்றிவிடுங்கள். காய்ந்த சருகு மூடாக்கு மூன்று அங்குலம், தூரிலிருந்து ஒரு சாண் தள்ளி. சுற்றி நாலுக்கு நாலடியாவது சிமென்ட், டைல்ஸ் இல்லாத மண் வேண்டும்.

ஊரப்பாக்கம்_தோட்டம்:

மிக்க நன்றி இருவருக்கும். மரம் எடுக்க செப்டம்பர் கடைசி ஆகிவிடும் போலிருக்கிறது. உடனே நடலாமா? எங்கள் மண் களி, மழையில் தண்ணீர் நிற்கும்.

நிழல்_வேண்டும்:

அடைமழை பிடிப்பதற்கு முன்னால் முடிந்தால் நடுங்கள். ஐப்பசிச் சேற்றில் மிதித்து நட்டால் மண் இறுகி வேர் நகராது; தவறினால் தை மாதம். நடுவதற்கு முந்தின நாள் குழி நிறையத் தண்ணீர் ஊற்றுங்கள். மறுநாளும் நின்றால் கன்றை நாலு அங்குலம் உயர்த்தி, சுற்றி ஐந்தடி அகலத்துக்குச் சரிவாக மண் அணைத்து மேட்டில் நடுங்கள். கோடையில் இரண்டரை அடி ஆர வட்டப்பாத்தியில் வாரம் இரண்டு முறை 20 லிட்டர். தினம் ஒரு சொம்பு ஊற்றினால் வேர் மேலேயே நின்றுவிடும். மழை தொடங்கியதும் பாத்திக் கரையைப் பள்ளமான பக்கம் ஒரு மண்வெட்டி அகலம் வெட்டிவிடுங்கள், ஜனவரியில் மறுபடி அடைத்துக்கொள்ளலாம்.